இரண்டைக் காரணிப்படுத்திய விடைத்தாள்

பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் திருத்த இந்த ஏப்ரலில் முதன்முறையாகப் போகிற ஆசிரியர்கள் நாலைந்து பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். சிவப்புப் பேனா எத்தனை வாங்கிக்கொள்ள வேண்டும், காலையில் எத்தனை மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும், சாப்பாடு கையில் கொண்டுபோவதா வெளியில் பார்த்துக்கொள்வதா என்றெல்லாம் கேட்டார்கள். அதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தால் அரை நாளில் பழகிவிடும். அவர்கள் கேட்காத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு வாத்தியாராக முப்பத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதில் ஏறக்குறைய இருபது கோடைகள் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அந்த இருபதில் ஒரு கோடையில் நான் செய்த தவறு இது.

அதைக் கண்டுபிடித்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வேலைக்கு வந்து நான்கு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பெயரைப் போட்டால் போன் செய்து சண்டை பிடிப்பார் என்பதால் டீச்சர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முகாம் தல்லாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எனக்கு வீடும் வேலையும் சமயநல்லூர்ப் பக்கம். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து எட்டரைக்குள் போய்விடுவேன். அந்த வருடம் என்னை முதன்மைத் தேர்வாளராகப் போட்டிருந்தார்கள். எனக்குக் கீழே எட்டு உதவித் தேர்வாளர்கள். தாள்களைத் திருத்துகிறவர்கள் அவர்கள்தான். எல்லாரும் ஒரே மாதிரி மதிப்பெண் போடுகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. என் பக்கத்து நாற்காலியில் கூர்ந்தாய்வாளர். அவர்தான் டீச்சர். கூர்ந்தாய்வாளர் விடையைத் திருத்தக் கூடாது. ஏதாவது ஒரு விடைக்கு மதிப்பெண் போடாமல் விட்டிருக்கிறார்களா, கூட்டல் சரியா, உள்ளே இருப்பது முகப்புத் தாளுக்குச் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். அதற்கு மேல் பார்த்தால் அத்துமீறல்.

அந்த வருட வினாத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. காரணிப்படுத்தும் முறையில் தீர்க்க:

(x – 3)(x – 4) = 2

பார்ப்பதற்கு ஏற்கெனவே காரணிப்படுத்தி வைத்தது போலவே இருக்கும். அதுதான் கேள்வியில் இருக்கிற குழி. இரண்டு எண்களைப் பெருக்கி விடை பூச்சியம் வந்தால், இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தே ஆக வேண்டும். காரணிப்படுத்தும் முறையே இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. பெருக்கி இரண்டு வந்தால் அப்படி எதுவும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் பிரித்துப் பெருக்கி, இரண்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து, x² – 7x + 10 = 0 என்று ஆக்கி, அதை (x – 5)(x – 2) = 0 என்று காரணிப்படுத்தி, 5, 2 என்று இரண்டு தீர்வுகள் சொல்ல வேண்டும். விடைக்குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது.

வருடா வருடம் பிள்ளைகள் செய்கிற தப்பு எனக்கு மனப்பாடம். பூச்சியத்துக்குச் செய்வதை அப்படியே இரண்டுக்கும் செய்வார்கள். x – 3 = 2, x – 4 = 2 என்று எழுதிவிட்டு 5, 6 என்று முடித்துவிடுவார்கள். முதல் நாள் காலையில் என் எட்டுப் பேரையும் கூட்டிவைத்துச் சொன்னேன்.

"பிரிச்சு எழுதாம, எடுத்த எடுப்புலயே x – 3 சமம் ஏதோ ஒண்ணுன்னு ஆரம்பிச்சா, மேற்கொண்டு படிக்காதீங்க. அது பழைய தப்பு. பூச்சியம் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க. நேரம் மிச்சம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அனுபவசாலி சொல்கிறான் அல்லவா!

இரண்டாம் நாள் காலை பதினொன்றரை இருக்கும். மேலே மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு விடைத்தாளை என் முன்னால் தள்ளினார். முகப்புத் தாளைப் பின்னால் மடித்து, நடுப்பக்கம் மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி கையால் அமுக்கிப் பிடித்திருந்தார்.

"சார், இது என் வேலை இல்லதான். ஆனா ஒரு நிமிஷம் இதப் பாருங்களேன்."

பார்த்தேன். கோழிக்கிறுக்கல் மாதிரி எழுத்து. அந்தக் கேள்விக்கு நான்கு வரிகள். முதல் வரியே x – 3 = 1 என்று ஆரம்பித்தது. பக்கத்தில் சிவப்பு மையில் வட்டமாக ஒரு பூச்சியம்.

"பழைய தப்புதான் டீச்சர். நேத்தே சொன்னேன்ல?"

"விடையப் பாருங்க சார்."

கடைசியில் x = 5, x = 2 என்று எழுதியிருந்தது. சரியான விடை.

"தற்செயலா வந்திருக்கும். முறை தப்பு."

"தற்செயல்னா ஒண்ணு வரலாம் சார். ரெண்டுமா வரும்?"

அந்தத் தாளைத் திருத்தியவர் செல்லப்பாண்டி. எனக்கும் அவருக்கும் கல்லூரிக் காலத்துப் பழக்கம். முகாமுக்குள் என்னைச் சார் என்பார். கோபம் வந்தால் மாப்ள ஆகிவிடுவேன். பேச்சு காதில் விழுந்து எழுந்து வந்தார்.

"என்ன டீச்சர், கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரியா இருக்கு சார்."

"பெறகென்ன? பக்கத்துப் பிள்ளையப் பாத்து விடைய எழுதிட்டு, நடுவுல எதையாச்சும் ரொப்பிருக்கும். நாம பாக்காததா?"

"காப்பி அடிச்ச பிள்ளை அஞ்சு, ரெண்டுன்னு எழுதிட்டுப் போயிருமே சார். எதுக்கு நாலு வரி எழுதி, அதுல ரெண்ட அடிக்கணும்?"

அப்போதுதான் அந்த அடித்தலைக் கவனித்தேன். மொத்தமாகக் கிறுக்கல் என்று நான் தாண்டிப்போன இடம் அது. இப்போது வரி வரியாகப் படித்தேன்.

முதல் வரி: x – 3 = 1, x – 4 = 2. முதலாவதிலிருந்து x = 4; இரண்டாவதிலிருந்து x = 6. ஒத்துவரவில்லை. அடித்திருந்தது.

இரண்டாம் வரி: x – 3 = 2, x – 4 = 1. இரண்டிலும் x = 5. அடிக்கவில்லை.

மூன்றாம் வரி: x – 3 = –2, x – 4 = –1. ஒன்றில் 1, மற்றதில் 3. அடித்திருந்தது.

நான்காம் வரி: x – 3 = –1, x – 4 = –2. இரண்டிலும் x = 2. அடிக்கவில்லை.

எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இரண்டு வரும்? அப்படிப்பட்ட முழு எண் ஜோடிகள் நான்குதான். நான்கையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்து, பொருந்தாததைத் தள்ளிவிட்டு, பொருந்தியதை விடையாக எழுதியிருக்கிறது அந்தப் பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பரீட்சை அறையில், மணி அடிக்கப்போகிற அவசரத்தில், தானாகக் கண்டுபிடித்தது.

செல்லப்பாண்டி இன்னும் விடவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"சரி, ரெண்டு வர்றதுக்கு இம்புட்டு வழிதானா? அரையையும் நாலையும் பெருக்குனாலும் ரெண்டுதான். அதெல்லாம் இந்தப் பிள்ளை பாக்கலயே. அப்ப முழு மார்க் எப்படிப் போடுறது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

"இருபடிச் சமன்பாட்டுக்கு ரெண்டு தீர்வுக்கு மேல கெடையாது பாண்டி. ரெண்டையும் பிடிச்சாச்சு. மூணாவது ஒண்ணு இருந்தாத்தான அதத் தேடலன்னு குறை சொல்லலாம்?"

"காரணிப்படுத்தும் முறையில் தீர்க்கன்னு கேள்வில இருக்கு, மாப்ள. இதுல எங்க காரணிப்படுத்திருக்கு?"

மாப்ளயாகிவிட்டேன். ஆனால் அதற்குள் டீச்சரே வாயைத் திறந்தார்.

"காரணிப்படுத்தித்தான் சார் இருக்கு. நாம x இருக்கிற பக்கத்தக் காரணிப்படுத்தச் சொன்னோம். இந்தப் பிள்ளை ரெண்டக் காரணிப்படுத்திருக்கு."

செல்லப்பாண்டி தாளை வாங்கி நான்கு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு சிரித்துவிட்டார். "அட," என்றார். "எமகாதகப் பிள்ளையா இருக்கே." அவரே பேனாவை எடுத்து, பூச்சியத்தை அடித்து, ஐந்து போட்டார். நான் பக்கத்தில் கையெழுத்திட்டேன்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் மடித்து வைத்திருந்த முகப்புத் தாளை விரித்தார். மொத்த மதிப்பெண் முப்பத்தொன்று என்று இருந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். இப்போது முப்பத்தாறு.

"ஏன் டீச்சர் இத முதல்லயே சொல்லல?"

"சொல்லிருந்தா பாவம் பாத்துப் போட்டிருப்பீங்க சார். இல்ல, பாவம் பாக்கச் சொல்றேன்னு நெனச்சுப் போடாமப் போயிருப்பீங்க. ரெண்டும் வேண்டாம்னுதான் மடிச்சுப் பிடிச்சேன்."

இதைச் சொன்னவருக்கு நான்கு வருட அனுபவம். இதை நான் இருபத்தைந்தாவது வருடத்தில் கேட்டுக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். முகப்பில் புதிய கூட்டுத்தொகையை எழுதி முடித்துவிட்டு, அவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"நேத்து?"

நேற்று எட்டுப் பேரும் திருத்தியது இருநூற்று நாற்பது தாள்கள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. மேற்கொண்டு படிக்காதீர்கள் என்று சொன்னவன் நான். அந்தக் கட்டுகள் முத்திரை போட்டு முகாம் அலுவலரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

முகாம் அலுவலர் ஒரு தலைமையாசிரியர். கெட்டவர் இல்லை. ஆனால் தினமும் மாலைக்குள் எத்தனை தாள் முடிந்தது என்று மேலே கணக்குச் சொல்ல வேண்டிய பதற்றம் அவருக்கு.

"போன கட்டு போனதுதான் சார்," என்றார். "ஒரு கட்டுல ரெண்டு மூணு அடிச்சுத் திருத்தல் இருந்தாலே மேல இருந்து விளக்கம் கேப்பாக. அதுவும் முத்திரைய வேற பிரிக்கணும்கிறீங்க. ஒங்க சர்வீஸுக்கு இது தேவையா?"

அவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு அப்படியே திரும்பிவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஒரு தாளைச் சரிசெய்துவிட்டோம். மற்றதில் அப்படி இருக்கும் என்று யார் கண்டது? இருக்காமலும் போகலாம். திரும்பினால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. டீச்சரைத் தவிர. அவரும் வாயால் கேட்க மாட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அது போதும்.

"எட்டுப் பேருக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன் சார். அவங்க பேர்ல ஒண்ணும் இல்ல. நான் எழுதித் தாரேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும். ரெண்டு மணிக்கு எல்லாக் கட்டும் என் மேசைக்கு வந்திரணும்."

அறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். எட்டுப் பேரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். சாப்பிட்டுவிட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் மறுக்க எனக்கு வாய் இல்லை. செல்லப்பாண்டிதான் முதலில் மூடியைப் போட்டார்.

"சோறு எங்கயும் ஓடிராது. கட்டக் கொண்டாங்க."

அந்த ஒரு கேள்வியை மட்டும் தேடித் தேடிப் பார்த்தோம். ஒருவர் திருத்தியதை அவரே பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொடுத்தார் டீச்சர். அரை மணி நேரம் தாள் புரட்டுகிற சத்தம் மட்டும்தான். பிறகு ஒரு குரல், "சார், இங்க ஒண்ணு."

அந்தத் தாளில் நான்கு ஜோடிகூட இல்லை. இரண்டே வரி. "x – 3, x – 4 அடுத்தடுத்த எண்கள். பெருக்கினால் 2. எனவே 2, 1 அல்லது –1, –2." கீழே 5, 2. இதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியாது. பக்கத்தில் பூச்சியம். அந்தப் பக்கத்தின் மூலையில், மாதிரிக்கு எடுத்து மறுபடி சரிபார்த்ததற்கு அடையாளமாக, என் கையெழுத்து. அந்தத் தாள் முந்தின நாள் என் கைக்கே வந்திருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன், பார்த்தும் படிக்கவில்லை.

பூச்சியத்தை அடித்து ஐந்து போட்டேன். டீச்சர் என் கையெழுத்தைக் கவனிக்காத மாதிரி அடுத்த கட்டைப் பிரித்தார்.

ஒன்றேகால் மணிக்கு இன்னொரு தாள் வந்தது. x – 3 = 2, x – 4 = 2. விடை 5, 6. நான் எட்டுப் பேருக்கும் சொல்லிவைத்த அதே பழைய தப்பு, சந்தேகமே இல்லாமல். இந்த முறை முகப்பைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. தாள் விரிந்தே வந்தது. மொத்தம் முப்பத்துமூன்று.

செல்லப்பாண்டிதான் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"அஞ்சு சரியான விடைதான? ஒரு விடை சரியாச் சொல்லிருக்கு. ரெண்டு மார்க் போட்டா பிள்ளை தேறிரும். யாரு கேக்கப் போறா?"

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். காலையில் வாதாடியவர் அவர்தானே. நானும் அவரைத்தான் பார்த்தேன். முடிவு சொல்ல வேண்டியவன் நான் என்பதே மறந்துவிட்டது. அவர் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அவர் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த விடையை மறுபடி படித்தார்.

"எனக்கும் போடணும்னுதான் இருக்கு சார்," என்றார். "ஆனா காலைல நாம போட்டது விடைக்கு இல்ல, யோசிச்சதுக்கு. இதுக்கும் போட்டோம்னா, அந்தப் பிள்ளைக்குப் போட்டதும் பாவம் பாத்துப் போட்டதா ஆயிரும்."

அதற்குப் பிறகு அவர் தன் வேலையைச் செய்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒவ்வொரு விடையாக, எங்காவது மதிப்பெண் போடாமல் விட்டிருக்கிறதா என்று தேடினார். கூட்டலை மூன்று முறை கூட்டினார். வரைபடத்தாளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு அரை மதிப்பெண்கூட எங்கும் தவறவில்லை. முப்பத்துமூன்றுதான். தன் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

துணைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளை அதை எழுதியதா, தேறியதா என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. தாளின் மேல் பெயர் இருக்காது. ஒரு பிள்ளை தேறியதும் இன்னொரு பிள்ளை தேறாததும் ஒரே நாளில், ஒரே கேள்வியில், ஒரே அறையில் நடந்தது. இரண்டையும் அவர் ஒரே அளவுகோலால் அளந்தார். முதலாவதைச் செய்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவதையும் சேர்த்துச் செய்தவரை அவருக்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தெரியாத கணக்கு உங்களை ஏமாற்றாது. தெரியாது என்பதால் நிதானமாகப் படிப்பீர்கள். நூறு முறை பார்த்த தப்புதான் ஏமாற்றும். அதன் சாயல் தெரிந்த உடனே கண் படிப்பதை நிறுத்திவிடும். கை பூச்சியம் போட்டுவிடும். எனக்கு அனுபவம் கூடக்கூட இந்த நோய் கூடியது. உங்களுக்கும் வரும். அப்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவர் ஒன்றைத் தள்ளிக் காட்டினால், அது அவர் வேலையா என்று கேட்காதீர்கள். முதலில் படியுங்கள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கட்டுகள் முகாம் அலுவலர் மேசைக்குப் போய்விட்டன. அவர் சொன்னபடியே நான்காம் நாள் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முத்திரையிட்ட கட்டுகளைப் பிரித்து மதிப்பெண்களை மாற்றியதற்கு முதன்மைத் தேர்வாளர் எழுத்துமூலம் காரணம் தெரிவிக்க வேண்டும்.

இடைவேளையில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சமன்பாடு, அதன் மாற்றுவழி, சரியான வேறு முறைக்கு முழு மதிப்பெண் தரலாம் என்று விடைக்குறிப்பில் இருக்கிற வரி, பணிச்சுமை, கால நெருக்கடி எல்லாம் வந்தன. எனக்கே நன்றாக இருந்தது. டீச்சரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நல்லாருக்கு சார். ஆனா இதுல யாரு தப்புப் பண்ணாங்கன்னே தெரியலயே."

வேறு தாள் எடுத்தேன். "விடை எழுதியவர்கள் பிழை செய்யவில்லை. மதிப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுத்த நான் பிழை செய்தேன். திருத்தங்கள் அதற்கானவை." கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"உங்க கையெழுத்துத் தேவையில்ல டீச்சர். என்னைத்தான கேட்டிருக்காங்க."

"என் வேலையத் தாண்டி உள்ள பாத்தது நான்தான சார்? அதுக்கு யாரு விளக்கம் சொல்றது?"

எனக்குக் கீழே அவரும் கையெழுத்திட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முகாம் அலுவலர் படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா சார்?"

"இம்புட்டுத்தான் சார்."

அவர் முத்திரையை மையில் தோய்த்து, எங்கள் இரண்டு கையெழுத்துக்கும் பக்கத்தில் அழுத்தி வைத்தார்.